சிப்பாய்க்கு வெள்ளீயம்: சானமாவு எல்லையும் ஒரு பழைய பதக்கமும்

சானமாவு என்றதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது யானைக் கூட்டம்தான். ராகி விளையும் பருவத்தில் கர்நாடகக் காடுகளில் இருந்து கிளம்பி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இங்கே வந்து சேரும். ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகள், நடுவில் இந்தக் காடு. எல்லைப் பகுதி என்று சொன்னால் இன்று எல்லோருக்கும் தமிழ்நாடு, கர்நாடகம் என்ற இரண்டு மாநிலங்கள்தான் தோன்றும்.

ஆனால் 225 ஆண்டுகளுக்கு முன்பும் இது எல்லைதான். அப்போது இங்கே வந்தது யானைக் கூட்டம் மட்டுமல்ல, ஒரு பெரும் படை. அந்தப் படையில் நடந்த சாதாரணச் சிப்பாய்க்குக் கடைசியில் கிடைத்தது ஒரு வெள்ளீயப் பதக்கம். இன்று அது உலகச் சந்தையில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருள். இந்தக் கட்டுரை அந்தப் பதக்கத்தைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அதில் இல்லாத ஒன்றைப் பற்றியது.

எல்லை எப்படி வந்தது?

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ஆம் ஆண்டு, காரன்வாலிஸின் படைகள் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தன. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியபோது மட்டும் தோற்றுத் திரும்பின. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் ஆனது. பாராமகால் கம்பெனிக்குப் போனது. கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் அதில் அடக்கம். ஓசூர் திப்புவிடம் திரும்பியது.

அதாவது 1792 முதல் 1799 வரை ராயக்கோட்டை ஒரு நாடு, ஓசூர் இன்னொரு நாடு. இரண்டுக்கும் இடைப்பட்ட காடும் மேடும்தான் எல்லை. சானமாவு இருப்பது அந்த இடைவெளியில்தான்.

பாராமகாலை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் பின்னாளில் சென்னை கவர்னர் ஆன தாமஸ் மன்றோ. ரீட் வெறும் வரி வசூல் அதிகாரி அல்ல. மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனிக்காக உளவுச் செய்திகளைத் திரட்டும் வேலையைக் கவனித்தவர் அவர்தான். ஹர்காராக்கள் எனப்படும் தூதர்களும் ஒற்றர்களும் இந்தக் காட்டுப் பாதைகளில் செய்தி சுமந்து நடந்திருக்கிறார்கள்.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸ் வேலூரில் இருந்து படையுடன் கிளம்பினார். சென்னைப் படை சுமார் 20,000 பேர். ஆம்பூர் அருகே ஹைதராபாத் நிஜாமின் படையும் சேர்ந்துகொண்டது. பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் லட்சத்துக்கும் மேல் மாடுகள். மார்ச் முதல் வாரத்தில் இந்தக் கூட்டம் ராயக்கோட்டை எல்லையைத் தாண்டி, சானமாவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் கெலமங்கலத்தை அடைந்தது. அங்கிருந்து ஆனேக்கல் பக்கமாகப் போய், மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. அன்றுதான் திப்பு சுல்தான் கோட்டை வாசலில் போரிட்டு மடிந்தார்.

ஒரே போர், ஐந்து உலோகங்கள்

இந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடிக்கத் தீர்மானித்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் அது தயாரானது. வடிவமைத்தவர் க்யூக்லர் என்ற ஜெர்மானியக் கலைஞர். அதன் ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மறு பக்கத்தில் கோட்டைச் சுவரின் உடைப்பு வழியாகப் படை ஏறுகிறது. மேலே உச்சி வெயில். கோட்டை விழுந்தது பகல் வேளையில் என்பதால் அந்தச் சூரியன்.

சிங்கத்தின் பக்கம் இருக்கும் கொடியில் அரபு எழுத்தில் ஒரு வாசகம்: இறைவனின் சிங்கமே வெல்லும் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் இது திப்புவின் சொந்த வாசகம். அவருடைய ஆயுதங்களில் புலிமுக வடிவத்தில் எழுதப்பட்டது இதுதான். தோற்றவனின் வாசகத்தையே எடுத்து, ஜெயித்தவனின் பதக்கத்தில் போட்டுவிட்டார்கள்!

இனி கணக்குக்கு வருவோம். பதக்கத்தின் படம் ஒன்றே, உலோகம்தான் வேறு. மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்குத் தங்கம். அடுத்த நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழ் உள்ள அதிகாரிகளுக்கு வெள்ளி. அவர்களுக்கும் கீழ்ப் பதவிகளில் இருந்தவர்களுக்கு வெண்கலம். கடைசியாக, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலைப் பார்ப்பது போலவே இருக்கும். காட்டுக்குள் செய்தி சுமந்த ஒற்றனுக்கு இந்த ஐந்து படிகளில் தனியாக ஒரு படியும் கிடையாது.

பதக்கங்கள் அடித்து, கப்பலில் ஏற்றி, இந்தியாவில் விநியோகமாக 1808-ஐ ஒட்டிய காலம் ஆகிவிட்டது. அதற்குள் இன்னொரு சம்பவம் நடந்து முடிந்திருந்தது. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அவர்கள் கோட்டையில் ஏற்றியது திப்புவின் கொடி! சிங்கம் புலியை மிதிக்கும் பதக்கம் சிப்பாயின் கைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகுதான்.

பெயர் எங்கே?

இந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்துச் சுற்றிலும் பார்த்தால் ரோமன் எண்களில் தேதி இருக்கும். அரபு இருக்கும், பாரசீகம் இருக்கும், வடிவமைத்தவரின் பெயரெழுத்துகள்கூட இருக்கும். வாங்கியவனின் பெயர் மட்டும் இருக்காது. சென்னைப் படையில் இருந்தவர்களில் மிகப் பலர் தமிழ், தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த இரண்டு மொழிகளிலும் பதக்கத்தில் ஒரு எழுத்து இல்லை.

சேகரிப்பாளர்களுக்கு இதனால் பெரிய தலைவலி. ஒரு பதக்கம் அசலா, போலியா என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சோஹோவில் அடித்தது சுமார் 48 மில்லிமீட்டர் அகலம், கல்கத்தாவில் அடித்தது சுமார் 45. அச்சில் அடித்த பதக்கத்தில் கோடுகள் கூர்மையாக இருக்கும். அசலை வைத்து வார்த்த போலியில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தப் பதக்கம் யாருடையது என்ற கேள்விக்கு உலோகத்தில் பதில் இல்லை. கூடவே ஒரு கடிதமோ, குடும்பத்துச் சான்றோ இருந்தால்தான் உண்டு. அதிகாரிகளின் குடும்பங்களில் அப்படிக் காகிதங்கள் தங்க வாய்ப்பு இருந்தது. சிப்பாயின் ஓலைக்கூரை வீட்டில் எத்தனை காகிதம் தங்கும்?

பதக்கத்துக்குப் பக்கத்தில் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ருமேனியா நல்ல உதாரணம். அங்கே 1948-இல் செக்யூரிட்டாட்டே என்ற ரகசியப் பாதுகாப்புத் துறை உருவானது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்ததும் அதுவும் கலைந்தது. அந்த ஆட்சி அள்ளிக் கொடுத்த பதக்கங்கள், நெஞ்சில் குத்தும் ரிப்பன் பட்டைகள், அடையாள அட்டைகள் எல்லாம் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பதக்கம் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி. அதோடு சேர்ந்த சான்றிதழில்தான் பெயர் இருக்கும். அதனால் சான்றிதழோடு சேர்ந்த பதக்கத்துக்கு மதிப்பு கூடுதல்.

அங்கே அந்தப் பெயருக்கு வேறொரு கனமும் உண்டு. யார் யாரை உளவு பார்த்தார்கள் என்று மக்கள் தெரிந்துகொள்ள 1999-இல் சட்டம் இயற்றி, பழைய கோப்புகளைத் திறக்க ஒரு அமைப்பையே ஏற்படுத்த வேண்டியிருந்தது. அங்கே சிலருக்குப் பெயர் இருப்பதுதான் பிரச்சினை. ஓசூர்ப் பக்கம் நடந்து போன சிப்பாய்க்குப் பெயர் இல்லாததுதான் பிரச்சினை.

பெயர் வந்த காலம்

பின்னாளில் நிலைமை மாறியது. முதல் உலகப் போரில் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இன்னும் ஒரு ஆச்சரியம். பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை, இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். அந்தச் சின்ன எழுத்துகளை வைத்துத்தான் இன்று பேரப்பிள்ளைகள் தாத்தாவின் படைப்பிரிவைத் தேடுகிறார்கள்.

ஆனாலும் ஊருக்கு வைத்த கல்லில் பழைய பழக்கமே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் முதல் உலகப் போர் நினைவுக் கல் உண்டு. இந்த ஊரில் இருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

அதே மண்ணில் இன்னொரு கல்

இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல்வெளிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. கையில் வாளும் வில்லும் ஏந்திய வீரனின் உருவம், பல கற்களில் தமிழிலோ கன்னடத்திலோ எழுத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுவதும் இவை கிடைக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் சில கற்களைப் பார்க்கலாம்.

இந்தக் கற்களின் வாசகம் ஒரு படிவம் நிரப்பியது போல ஒழுங்காக இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊரில் தொறு கொண்டார்கள், யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எப்படிப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். மந்தையை மீட்கப் போய் இறந்த ஒரு சாதாரண ஆளுக்கு ஊர் வைத்த பதக்கம் என்றே இதைச் சொல்லலாம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் வைத்த ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டு ஊர்க்காரர்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். 1799-இல் உலகத்தின் மிகப் பெரிய வணிக நிறுவனம் தன் சிப்பாயின் பெயரைத் தன் பதக்கத்தில் எழுதவில்லை. கல் நட்டவர்களுக்கு அவனைத் தெரியும், அவன் இல்லாத வீடும் தெரியும். கம்பெனிக்கு அவன் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

விலையும் பொறுப்பும்

பழைய பதக்கத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையான வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். தொழிலாக விற்க உரிமம் வேண்டும். 1799-ஆம் ஆண்டுப் பதக்கம் மட்டுமல்ல, முதல் உலகப் போரில் தாத்தாவின் அப்பா வாங்கிய பதக்கமும் இப்போது இந்தக் கணக்கில் வந்துவிட்டது. நடுகல்லைப் பெயர்த்து எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதக்கத்தை எடைக்குப் போடும்போது போவது கொஞ்சம் உலோகம் மட்டும் அல்ல. அதை வாங்கியவர் யார் என்று சொல்லத் தெரிந்த ஒரே வீட்டை விட்டு அது வெளியே போகிறது. அடுத்தவர் கைக்குப் போனதும் அது வெறும் பழைய பதக்கம்.

எனவே வீட்டுப் பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டியில் பழைய பதக்கமோ, நிறம் போன ரிப்பனோ, பென்ஷன் காகிதமோ இருந்தால், பாட்டியும் பெரியப்பாவும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெயர், ஊர், எந்தப் படை, எந்த ஆண்டு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். கெலமங்கலம் வழியாக நடந்து போன அந்தச் சிப்பாய்க்கு யாரும் செய்யாத வேலை இது. செய்ய ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.