வில்லிங்டன் பிரபு: இன்முகமும் இரும்புக்கரமும்

பொம்மையார்பாளையமும் திட்டக்குடியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இரு கோடிகள். திட்டக்குடியருகே 1923இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்தை நாம் 'வெலிங்டன் ஏரி' என்கிறோம். நெப்போலியனை வென்ற வெலிங்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்றைய சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் பெயரே நம் நாவில் அவ்வாறு திரிந்தது.

1866இல் பிறந்த ஃப்ரீமன் தாமஸ் லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1910இல் பிரபுவானார். ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனையில் பணியாற்றினார். மன்னருடன் டென்னிஸ் ஆடியவர். அரசவையில் பயின்ற இன்முகமே அவரது மூலதனம். பம்பாய் ஆளுநராயிருந்தபோது, இந்தியரையும் உறுப்பினராக ஏற்கும் மன்றமொன்றை நிறுவினார்.

1919இல் சென்னைக்கு வந்தார். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. தியாகராயர் பதவியை மறுக்கவே, தென்னார்க்காட்டு நிலக்கிழார் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். கல்வியும் உள்ளாட்சியும் அமைச்சர்களிடம் வந்தன. நிதியும் காவலும் ஆளுநர் தரப்பிலேயே தங்கின. இரட்டையாட்சியின் இலக்கணம் அதுவே.

1931இல் வைஸ்ராயாகத் திரும்பியவர், 1932 ஜனவரியில் காந்தியைச் சிறையிலிட்டார்; காங்கிரஸைத் தடைசெய்தார். இந்தியரோடு சமமாக உண்ணத் தயங்காதவர்தாம் அவர். விருந்தில் இடம் தருவது வேறு, ஆட்சியில் இடம் தருவது வேறு என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.