யான் வயலும் கெடாத் தோட்டமும்: சமூக மானிடவியல் களஆய்வு முறை

மனிதக் குழுக்களின் உறவுமுறை, தொழில், வழிபாடு, அதிகாரம் ஆகியவற்றை அம்மக்களிடையே தங்கி அறிய முற்படுவது சமூக மானிடவியல். முதல் உலகப் போர்க் காலத்தில் மலினோவ்ஸ்கி, ட்ரோபிரியண்ட் தீவு மக்களின் மொழியிலேயே உரையாடி நிகழ்த்திய களஆய்வு இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று. எனினும், மலேசியத் தமிழாசிரியர்கள் இம்முறையை அறிய அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கெடாவின் யான் மாவட்டமே போதும்.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், 1978 முதல் 1980 வரை யான் வட்டார மலாய் நெற்சிற்றூர் ஒன்றில் களஆய்வு செய்தார். அவர் அரசியல் அறிவியலாளர். கையாண்டதோ மானிடவியலார் முறை. ஊருக்குச் 'செடாக்கா' எனப் புனைபெயரிட்டு 1985இல் நூல் வெளியிட்டார். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோகம் விளைந்த அவ்வூரில், பின்னர் வந்த அறுவடை இயந்திரம் ஏழைகளின் அறுப்புக்கூலியைப் பறித்தது. கலகம் எதுவும் எழவில்லை. ஆயின், இயந்திரத்தை அமர்த்தியோரின் வயலில் நாற்று நட மகளிர் குழுக்கள் வெளிப்படையாக மறுக்காமல் சாக்குச் சொல்லித் தாமதித்தன. செல்வரைப் பற்றிய பட்டப்பெயர்களும் புறம்பேச்சும் உலவின. வினாநிரலை நீட்டி 'மனக்குறை உண்டா?' என்று கேட்டிருந்தால், 'இல்லை' என்ற விடையே கிடைத்திருக்கும்.

ஜெராய் மலையின் மறுபுறத்துத் தோட்டங்களுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். பீடோங் வட்டாரத்தில் 1946-47இல் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையையும், ஹார்வர்ட் தோட்டத்தில் 1947இல் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதலையும் வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. மோதலுக்கு முந்தைய ஆண்டுகளில் லயத்து மக்கள் தமக்குள் என்ன பேசினர் என்பதை அரசாங்கக் கோப்புகளில் தேடிப் பயனில்லை. பெரட்டுக்களத்தில் தண்டல் முன்னிலையில் ஒலிக்கும் பேச்சு வேறு. தண்ணீர்க் குழாயடியில் ஒலிப்பது வேறு. இரண்டையும் கேட்பதற்கு நெடுநாள் தங்குதல் வேண்டும்.

ரவீந்திர ஜெயின் 'பால் மெலாயு' எனப் புனைபெயரிட்ட தோட்டத்தைப் பற்றி 1970இல் வெளியிட்ட நூல், தோட்டத்து உறவுமுறையையும் அதிகார அடுக்கையும் இவ்வாறு தங்கி அறிந்ததன் பயனாகும். இன்று அதே வழி முழுமையாக இயலாது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களில் சிதறி வாழ்கின்றனர். 1947ஐ நேரில் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். ஆகவே, குடும்பக் கொடிவழியை வரைந்துகொண்டு, உறவினர் சென்ற ஊர்தோறும் நாமும் செல்ல வேண்டியுள்ளது. பிரிந்தோர் மீண்டும் கூடும் தோட்டக் கோயில் திருவிழா நல்லதொரு தொடக்கமாகும்.

ஆய்வாளர் தமிழர் என்பது உதவியும் தடையுமாகும். எம். என். சீனிவாஸ் 1948இல் தம் மைசூர்ப் பகுதியிலேயே இராம்புராவை ஆய்ந்தபோதும் இச்சிக்கல் இருந்தது. நம்மவர்க்குக் கூடுதலாக ஒன்று: 'வாத்தியார்' வந்துவிட்டால் பேச்சு செந்தமிழாகிவிடும், சாதியும் கள்ளும் பேச்சிலிருந்து மறையும்.

ஊர்ப்பெயரை மாற்றினால் மட்டும் தகவலாளிக்குக் காப்பு ஆகிவிடாது. ஒரே கிராணியும் ஒரே கோயில் தலைவரும் உள்ள தோட்டத்தில், பதவியைச் சொன்னாலே ஆளும் தெரிந்துவிடும். பதவியைச் சுட்டாமல் எழுதுவதே தக்கது. களக்குறிப்பேட்டிலும் பெயருக்குப் பதில் எண்ணே இருத்தல் வேண்டும்.