பெரிய மார்க்கெட்டிலிருந்து கட்டபொம்மனைப் பார்த்தால்

பெரிய மார்க்கெட்டில் அடிக்காசு வசூலுக்கு ஆள் வரும்போது, காய்கறிப் பக்கமோ மீன் பக்கமோ யாராவது ஒருத்தர் சிவாஜி குரலில் வரி வசனத்தை எடுத்துவிடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அப்புறம் காசையும் கொடுத்துவிடுவார்கள். இதற்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. படம் வந்த வருஷம் 1959. வசனத்தைச் சொல்பவர் அப்போது பிறந்தேகூட இருக்க மாட்டார். படத்தை முழுசாகப் பார்த்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அந்தக் காட்சி மட்டும் மனப்பாடம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது? சிவாஜியின் நடிப்பு, சக்தி கிருஷ்ணசாமியின் வசனம், ஜி. ராமநாதன் இசை என்று பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட நம்ம ஊர் மார்க்கெட் நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் படத்தின் கதை. சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் தனக்கு நடிப்பு ஆசையே வந்தது என்று சிவாஜி பலமுறை சொல்லியிருக்கிறார். 1957ல் சிவாஜி நாடக மன்றம் அதை மேடை நாடகமாக்கியது. பிறகு பி.ஆர். பந்துலு படமாக எடுத்தார். கட்டபொம்மனைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்த ம.பொ.சி. வரலாற்றுப் பக்கத்துக்கு உதவினார். போர்க்காட்சிகளை ஜெய்ப்பூர் பக்கம் போய் எடுத்தார்கள். டெக்னிகலர் பிரதிகள் லண்டனில் தயாராயின. 1959 மே மாதம் முதலில் லண்டனிலேயே திரையிட்டு, சில நாளில் இங்கே வெளியிட்டார்கள். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டவர்களின் தலைநகரத்திலேயே முதல் காட்சி!

அடுத்த வருஷம் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் படவிழா. சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது, ராமநாதனுக்கும் இசைக்காக விருது. அது நாசரின் எகிப்து. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து சூயஸில் படையிறக்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் முகத்துக்கு நேரே ஒருவன் நின்று பேசுகிறான் என்றால், அதைப் புரிந்துகொள்ள அந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமில்லை.

சரி, இப்போது ஆவணங்கள் சொல்லும் கட்டபொம்மனுக்கு வருவோம்.

படத்தின் கட்டபொம்மன் வரியே கட்ட மாட்டேன் என்பவர். ஆவணங்களில் இருப்பவர் கட்டியும் கட்டாமலும், பேச்சு நடத்தியும் இழுத்தும் சமாளித்த ஒரு பாளையக்காரர். 1798ல் கலெக்டர் ஜாக்சன் வரச்சொல்லிவிட்டு, குற்றாலம் பக்கம் தொடங்கி ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். கணக்கைப் பார்த்தால் பாக்கியில் பெரும்பகுதி அதற்குள் கட்டப்பட்டிருந்தது. மிச்சம் 1,080 பகோடா. அங்கே கைகலப்பு ஏற்பட்டு லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பித்துப் போய் என்ன செய்தார்? சென்னை அரசாங்கத்துக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைத்தார்கள். தப்பு ஜாக்சன் பேரில் என்று முடிவாகி அவர் பதவி போயிற்று. அதாவது கம்பெனியின் சொந்த விசாரணையிலேயே கட்டபொம்மன் ஒருமுறை ஜெயித்திருக்கிறார். படத்தில் இந்த மனு, விசாரணை சமாச்சாரத்துக்கெல்லாம் பெரிய இடமில்லை. இருந்தால் நமக்கே பொறுமை போயிருக்கும்.

இன்னொன்று. அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. ராஜகம்பளத்து நாயக்கர் குடும்பம். திரையில் வருபவரோ மூச்சுவிடாமல் அடுக்குத்தமிழ் பேசுகிறார். இதை வைத்துப் படத்தைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெற்கத்திக் கதைப்பாடல்களும் கூத்தும் அவரை ஏற்கெனவே தமிழ் பேச வைத்துவிட்டன. படம் அந்த வரிசையில் கடைசியாக வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1799ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அக்டோபர் 16ல் கயத்தாறில் தூக்கு. படமும் அங்கே முடிகிறது. சண்டை அங்கே முடியவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பித்து, இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாளில் மறுபடி எழுப்பினார். கம்பெனிப் படை திரும்பத் திரும்ப வந்து மோதி, மே 24ல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அதன்பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்து சிவகங்கைக் காடுகளில் போர் தொடர்ந்தது. அந்த ஜூனில்தான் திருச்சியில் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி, மதம் பார்க்காமல் எல்லோரையும் வெள்ளையருக்கு எதிராக அழைத்த அறிக்கை அது. போராட்டம் என்று பார்த்தால் 1801 தான் பெரியது. அளவிலும் சரி, நோக்கத்திலும் சரி.

அதற்கும் ஒரு படம் வந்தது. கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை'. அதே 1959, அதே மே மாதம். எஸ்.எஸ். ராஜேந்திரன் நடித்தார். பாட்டுகள் இன்றைக்கும் நிற்கின்றன, படம் வசூலில் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து பந்துலுவும் சிவாஜியும் சேர்ந்து 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார்கள். வ.உ.சி. கதை. தேசிய விருது கிடைத்தது. ஆனால் வெளியான காலத்தில் போட்ட பணம் வரவில்லை. அதே இயக்குநர், அதே நடிகர், இன்னும் நெருக்கமான வரலாறு. என்ன குறை?

எனக்குத் தோன்றும் பதில் இது. வ.உ.சி.யின் வாழ்க்கை ஒரு காட்சியில் முடிகிற வாழ்க்கை இல்லை. கப்பல் கம்பெனி நொடித்தது, சிறையில் செக்கு இழுத்தது, வெளியே வந்தபின் வறுமை, பழகியவர்கள் மறந்துபோனது. எதிர்த்து நின்றதற்கான விலையை அவர் தவணை தவணையாகக் கட்டினார். பார்ப்பவர்களுக்கு அது வலிக்கும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிப்பார்க்க அதில் வசனம் கிடைக்காது. கட்டபொம்மன் படம் கொடுப்பது வேறு. கேள்வி கேட்கப்படும் அதே நிமிஷத்தில், அதே ஆளிடம், பதில் நாக்கில் வந்து நிற்கிறது. நிஜ வாழ்க்கையில் நமக்கு அந்தப் பதில் ஆபீஸ் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபிறகுதான் தோன்றும். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும், வானொலி ஒலிச்சித்திரத்திலும், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியிலும் ஓடிக்கொண்டிருப்பது அந்த ஒரு நிமிஷம்தான். ஐந்து வயசுப் பையனுக்கு மீசை வரைந்து, அட்டை வாளைக் கொடுத்து மேடை ஏற்றினால், அவன் சண்டை போடுவதில்லை. வசனம் பேசுகிறான்.

ஊமைத்துரை ஏன் கதாநாயகன் ஆகவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அவர் அதிகம் வாய் பேச முடியாதவர் என்பது பெயரிலேயே தெரிகிறது. சைகையாலேயே படை நடத்தினார் என்கிறார்கள். அண்ணனைவிட நீண்ட போர் நடத்தியவர். ஆனால் நம்ம சினிமாவில் எதிர்ப்பு என்றால் பேச்சு. பேசாதவருக்கு அங்கே துணைப்பாத்திரம்தான்.

நிலைத்ததற்கு இரண்டாவது காரணம் எட்டப்பன்.

எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பட்டப்பெயர். இன்றைக்கு அது தமிழில் காட்டிக்கொடுப்பவனுக்கான பொதுச்சொல். ஆனால் தப்பி ஓடிய கட்டபொம்மனைக் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரில் உதவியது உண்மை. அது பாஞ்சாலங்குறிச்சியோடு பல காலமாக எல்லைத் தகராறில் இருந்த பாளையம் என்பதும் உண்மை. வரலாற்றில் இரண்டு மூன்று பேருக்குப் பங்கு போட வேண்டிய பழியை, மக்கள் வழக்கும் சினிமாவும் ஒரே தலையில் இறக்கி வைத்துவிட்டன. அதில் ஒரு வசதி இருக்கிறது. துரோகி யார் என்று தெரிந்துவிட்டால், நாம் துரோகி இல்லை என்பது தானாக உறுதியாகிவிடும்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

1799ல் கட்டபொம்மன் தூக்கில் தொங்கியபோது புதுச்சேரியில் பறந்ததும் ஆங்கிலேயக் கொடிதான். 1793ல் பிடித்த ஊரை 1816ல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். படம் வந்த 1959லோ இன்னும் வேடிக்கையான நிலைமை. ஆட்சி 1954 நவம்பர் 1ல் இந்தியா கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல்தான். ஆக, அந்த மே மாதம் சட்டத்தின் கண்ணில் இது இன்னும் பிரெஞ்சு மண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்கள் இங்கே வீதிக்கு வீதி இருந்தார்கள். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அல்ஜீரியாவில் அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் கட்டபொம்மனுக்குத்தான் கைதட்டியிருப்பார்கள். வியட்நாம் கிராமத்தானின் கண்ணில் தன் அப்பா எந்தப் பக்கம் என்று யோசித்தபடி யாரும் சினிமா பார்ப்பதில்லை.

பெரிய மார்க்கெட்டுக்கே பெயர் குபேர் மார்க்கெட். எதுவார் குபேர் 1954 வரை பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். பிரான்சோடு இருக்க வேண்டும் என்ற பக்கத்தின் பெரிய கை. 1954 மார்ச்சில் அவர் இணைப்புக்கு மாறினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. அக்டோபர் 18ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். பிற்காலத்தில் குபேர் முதலமைச்சரும் ஆனார். மறுபக்கம் வ. சுப்பையா. 1936 ஜூலை 30ல் சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட போராட்டத்தின் தலைவர். 1950ல் அவர் வீடே கொளுத்தப்பட்டது. குபேரும் அவரும் எதிரெதிர் முகாம். ஆனால் 1954ல் இரண்டு பேரும் கேட்டது ஒன்றையே.

இதில் எட்டப்பன் யார்? குபேர் பக்கம் மாறியிருக்காவிட்டால் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் இது முடிந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றடித்த பக்கம் சாய்ந்தார் என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் வாதத்துக்கு இடமிருக்கிறது. அதனால்தான் இதை யாரும் படமாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். 12 பேர் செத்த ஜூலை 30க்குக்கூடத் திரையில் ஒரு காட்சி கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் படத்தின் பக்கம் ஒரு வார்த்தை. கயத்தாறு காட்சி வெறும் சினிமா இல்லை. மற்ற பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே விசாரித்துத் தண்டனை சொன்னவர் பானர்மேன். அவரே மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், கட்டபொம்மன் கலங்காமல் நின்றதையும், எட்டயபுரம், சிவகிரி பாளையக்காரர்களை அலட்சியமாகப் பார்த்ததையும் குறிப்பிடுகிறார். கொன்றவன் கைப்பட எழுதிய சாட்சி அது. வசனம் சக்தி கிருஷ்ணசாமியுடையது, ஆனால் அந்தப் பார்வை கட்டபொம்மனுடையது. கணக்கு வழக்கில் எவ்வளவு வளைந்து கொடுத்தவராக இருந்தாலும், கடைசி ஒரு மணி நேரத்தில் அவர் வளையவில்லை. கூத்துக்காரர்கள் பிடித்துவைத்தது அதைத்தான். படம் அதைக் கெடுக்கவில்லை.

ஆகவே படத்தைப் பார்ப்போம், வசனத்தையும் சொல்லுவோம். ஆனால் அந்தச் சூட்டோடு பக்கத்து ஆளை எட்டப்பன் என்று கூப்பிடும்முன் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றி வரலாம். ஒரு பக்கம் நேரு வீதி. அதற்குப் பழைய பெயர் துய்ப்ளேக்ஸ் வீதி. ஒரு பக்கம் காந்தி வீதி. ஒரு பக்கம் அதே துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீதி. நடுவே பக்கம் மாறிய குபேர். நாலாவது பக்கம் பாரதி வீதி. ஆங்கிலேயர் கைக்குத் தப்பி 1908ல் இங்கே வந்து பத்து வருஷம் இருந்தவர். அவர் பிறந்த ஊர் எட்டயபுரம். பாரதி என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அந்த எட்டப்ப ராஜாக்களின் சபை.