தண்டவாளம் இருந்த வழியில் ஒரு சைக்கிள்

சென்ற வாரம் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகே சாலையைக் கடக்க நின்றேன். எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம் நின்றும் இடைவெளி கிடைக்கவில்லை. கடைசியில் பேரன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். போகும்போது கேட்டான்: "தாத்தா, நீங்க நிஜமாவே செஞ்சிக்குச் சைக்கிள்லயே போனீங்களா?"

போனோம். 1971ஆம் ஆண்டு, நானும் பக்கத்துத் தெரு நண்பன் ஒருவனும். அவன் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. என்னிடம் அப்பாவின் பழைய சைக்கிள் இருந்தது. அவனுக்கு வாடகை சைக்கிள். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டுச்சோற்றைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திண்டிவனம் வரை இரண்டு பக்கமும் புளியமரங்கள். எதிரே வந்தவை மாட்டு வண்டிகள், எப்போதாவது ஒரு பஸ். பேசிக்கொண்டே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் போகலாம்.

திண்டிவனம் தாண்டி மேற்கே திரும்பியதும் பாறை மலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பெரிய மலைகள் அல்ல. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மிதித்து வந்தவனுக்கு அவை போதும். 1750இல் புஸ்ஸி துரை ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதையைப் பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பெருமையாகச் சொல்வார். 1761இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். இராஜகிரி உச்சியில் உட்கார்ந்து அந்தக் கதையை நண்பனுக்குச் சொன்னேன். "புஸ்ஸி குதிரையில வந்தாரு, நாம சைக்கிள்ல வந்தோம். நமக்குத்தான் கால் வலி" என்றான்.

அப்படி ஒரு சவாரி எனக்கு மறுபடி வாய்க்க நாற்பது ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்றபின், 2011இல், பிரான்சில் இருக்கும் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாக்கோன் நகருக்குப் பக்கம். மாக்கோன் என்றால் கவிஞர் லமார்த்தீன் பிறந்த ஊர். கலவைக் கல்லூரியில் அவருடைய கவிதைகளை மனப்பாடம் செய்யாமல் அடி வாங்கியவன் நான். எனவே ஊர் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அங்கே குளுனி என்ற சிற்றூர் இருக்கிறது. 910ஆம் ஆண்டு தொடங்கிய பழைய மடாலயத்தால் பேர் பெற்ற ஊர். தங்கை மகன் இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, "மாமா, வாங்க" என்றான். "இந்த வயசுல மலைப்பக்கம் சைக்கிளா?" என்று தயங்கினேன். ஏறிப் பார்த்தால் மேடே தெரியவில்லை. இரு பக்கமும் குன்றுகள், திராட்சைத் தோட்டம், வெள்ளை மாடுகள். நடுவே தார் போட்ட ஒரு வழி. மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. கிழவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள், ஒருவர் நாயோடு நடக்கிறார். கொர்மத்தேன் என்ற ஊரின் கோட்டை மாளிகை வரை போய்த் திரும்பினோம். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அது ரயில் போன வழி. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே 19ஆம் நூற்றாண்டு எஞ்சினியர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, முடியாத இடத்தில் மலையைக் குடைந்து வழி அமைத்தார்கள். குளுனிக்கும் மாக்கோனுக்கும் இடையே புவா கிளேர் என்ற சுரங்கம் சுமார் 1,600 மீட்டர் நீளம். இப்போது அதற்குள்ளும் சைக்கிள் போகிறது. குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள், வௌவால்கள் உறங்க வேண்டுமாம்! கார் பெருகிய பிறகு ரயிலில் ஏற ஆளில்லை. பாதையை மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பல காலம் புதர் மண்டிக் கிடந்த அந்த வழியில் ழிவ்ரி முதல் குளுனி வரை 44 கிலோமீட்டரை 1997இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். பிரான்சின் முதல் 'வுவா வெர்த்', அதாவது பச்சை வழி, அதுதான். 2004இல் அந்தச் சொல் சாலை விதித் தொகுப்பிலேயே இடம்பெற்றது.

மோட்டார் நுழையாத வழி இப்படிக் கிடைத்தது. ஆனால் மலை பார்க்கச் சைக்கிளில் போகும் பழக்கம் அதற்கு நூறு ஆண்டு முந்தியது. அதற்குக் காரணமான மனிதர்களில் முக்கியமானவர் போல் தெ விவீ. 1853இல் பிறந்தவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். அவர் வாழ்ந்த சேன்-எத்தியேன் நம் முத்தியால்பேட்டையைப் போல நெசவுக்குப் பேர் போனது. அங்கே ரிப்பன் நெய்வார்கள். அவரும் முதலில் பட்டு வியாபாரிதான். அதை விட்டுச் சைக்கிள் தொழிலில் இறங்கி, 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். நம்மவர்களுக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அவர் சுத்த சைவம். ஊருக்கு மேலே 1,161 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய்க்குச் சைக்கிளில் ஏறி ஏறி, சாதாரண மனிதனும் மலை ஏற வேண்டுமானால் சைக்கிளுக்குக் கியர் வேண்டும் என்று வாதாடினார். தூர் தெ பிரான்ஸ் பந்தயக்காரர்களோ, செயினை மாற்றும் கியரை 1937 வரை அனுமதிக்கவே இல்லை. வெலோசியோ அதைப் பார்க்க இல்லை. 1930இல், தம் ஊர்த் தெருவிலேயே, சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர் டிராம் மோதி இறந்தார்.

வழியும் சைக்கிளும் இருந்தால் மட்டும் போதாது. ஓய்வும் வேண்டும். 1936 ஜூனில் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை கொடுத்துச் சட்டம் செய்தது. அந்தக் கோடையில், அதுவரை ஊரைத் தாண்டாத ஆலைத் தொழிலாளிகள் சைக்கிளில், இரட்டைச் சைக்கிளில் கடலையும் மலையையும் பார்க்கக் கிளம்பினார்கள். அதே கோடை, அதே கொடி பறந்த நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1936 ஜூலை 30, சவானா ஆலை. துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலைச் சட்டம் இங்கே 1937இல் வந்தது, அந்த உயிர்களுக்குப் பிறகு. செஞ்சிக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போனோமே, அந்த ஓய்வையும் யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் உறைத்தது.

நண்பனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடைசி வரை சைக்கிளை விடாதவன். பிரான்சிலிருந்து திரும்பி அந்தப் பச்சை வழியைப் பற்றிச் சொன்னபோது, "நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு வந்தா செஞ்சிக்கு மறுபடி போலாம்டா" என்றான். ஐந்து ஆண்டு கழித்து, ஒரு விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பால் வாங்கப் போனவன் மீது வேன் மோதியது. அவனுடைய சைக்கிள் அதிகம் நசுங்கவில்லை. பின்சக்கரம் மட்டும் வளைந்திருந்தது. அதை வீட்டுக்குத் தள்ளி வந்தவன் நான். அதன் பிறகு நான் சைக்கிள் ஏறவில்லை.

நம்மிடம் கைவிடப்பட்ட ரயில் பாதை இல்லை. விழுப்புரம் போகும் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஆனால் ரயில் பாதையைப் போலவே மட்டமாக, வளைந்து வளைந்து போகும் ஒன்று நம்மிடம் ஏராளமாக உண்டு: ஏரிக்கரை. ஊசுட்டேரி, பாகூர் ஏரி, செஞ்சிப் பக்கம் ஊருக்கு ஊர் ஏரி. மரம் இருக்கிறது, தண்ணீர்க் காற்று இருக்கிறது. ஏரிக்கு ஏரி இணைத்து மோட்டார் நுழையாத வழி ஒன்று செய்ய மலையைக் குடைய வேண்டியதில்லை. முடியுமா என்று கேட்பவர்கள் ஆரோவில் போய்ப் பாருங்கள். 1968இல் வெறும் செம்மண் மேடாக இருந்த இடத்தில் இன்று மர நிழலில் சைக்கிளுக்கென்றே வழிகள் ஓடுகின்றன. நம் பேட்டையிலிருந்து அது எவ்வளவு தூரம்?

செஞ்சிக் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இனி அங்கே போகும் சாலையை இன்னும் அகலப்படுத்துவார்கள். அந்த வேலையின்போது ஓரமாக மூன்று மீட்டர் சைக்கிளுக்கு ஒதுக்கினால் எவ்வளவோ நல்லது.

பேரனுக்குப் பத்து வயது ஆகிறது. சைக்கிளை வீட்டு வாசலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டுகிறான். தெருவில் விட எங்களுக்குத் தைரியம் இல்லை. வருகிற ஞாயிறு சைக்கிளை ஆட்டோவில் ஏற்றி ஊசுட்டேரிக் கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் ஓட்டட்டும், நான் பின்னால் நடந்து வருகிறேன். முட்டி ஒத்துழைத்தால் ஒரு பத்து மீட்டர் நானும் ஏறிப் பார்ப்பேன்.