இரண்டு பேட்டரிக்கு ஒரு முள்

மோட்டார் வண்டிகளின் பேட்டரியைக் கண்காணித்த நூறாண்டுக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு: கருவி நவீனமாக ஆக, ஓட்டுநருக்குக் கிடைத்த விவரம் குறைந்துகொண்டே வந்தது. 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள். ஒவ்வொன்றிலும் ஈய-அமில செல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் இருந்தாலும், செல்களைப் பராமரித்தவர்கள் நம்பியது ஹைட்ரோமீட்டரைத்தான். ரப்பர் குமிழை அமுக்கி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறும். உள்ளே இருக்கும் மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் ஒப்படர்த்தி. 1.270-ஐ ஒட்டி நின்றால் முழு சார்ஜ், 1.150-க்குக் கீழே இறங்கினால் செல் ஏறக்குறைய காலி. தினமும் எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாத இடங்களில் ஒரு செல்லை மட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவ்வப்போது சோதித்தார்கள். இந்த மலிவான கருவியின் பெருமை, எந்தச் செல் நோஞ்சான் என்பதைக் காட்டிக்கொடுத்ததுதான்.

1912-ல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தபின் பெட்ரோல் வண்டிக்கும் பேட்டரி இன்றியமையாததாயிற்று. 1919-ல் ஃபோர்டின் மாடல் டி காரிலும் ஸ்டார்ட்டரோடு அம்மீட்டர் ஏறியது; இரண்டாம் உலகப்போரின் வில்லீஸ் ஜீப்பிலும் அது இருந்தது. ஆனால் அம்மீட்டர் சொல்வது இப்போது எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பதை. பேட்டரியில் எவ்வளவு இருப்பு என்பதை அல்ல. 1960-களில் ஆல்டர்னேட்டர் பரவியதும் மொத்த மின்னோட்டத்தையும் டாஷ்போர்டு வரை தடித்த ஒயரில் இழுத்துவருவது தொல்லையாகிவிட்டது. பல கார்களில் ஒரு சிவப்பு விளக்கே போதும் என்றார்கள். அதுவும் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் எரியும்; பேட்டரி தளர்ந்திருப்பதைச் சொல்லாது. 1971-ல் டெல்கோ நிறுவனத்தின் பராமரிப்பில்லா பேட்டரி வந்தது. அந்த வகை பேட்டரிகளின் மேல்மூடியில் இருக்கும் பச்சைக் கண்ணும் ஹைட்ரோமீட்டர்தான். ஆறு செல்லில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்ற ஐந்துக்கும் சேர்த்து நற்சான்று கொடுக்கும் கண் அது.

இந்தக் குருட்டுத்தனம் அதிகம் உறுத்துவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கும் லாரிகளில். பாட்டுப்பெட்டிக்கும் கூடுதல் விளக்குக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுப்பது பழகிப்போன வழக்கம். அந்தப் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆல்டர்னேட்டரோ மொத்த வோல்ட்டை மட்டுமே பார்த்து சார்ஜ் ஏற்றுவதால், எர்த்தோடு சேராத மேல் பேட்டரி அளவுக்கு மீறிக் கொதித்துத் தண்ணீரை இழக்கும். நிறுத்திய வண்டியில் மீட்டர் 25.0 என்று காட்டினால் ஓட்டுநர் திருப்தியடைகிறார். அது 12.7-உம் 12.3-உமாக இருக்கலாம்: ஒன்று முழு சார்ஜ், இன்னொன்று பாதிக்குச் சற்று மேல்.

ஷன்ட் என்னும் சிறு மின்தடையை வைத்து ஆம்பியர்-மணி எண்ணும் நவீன மானிட்டர் இருக்கும்போது பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால் ஷன்ட் எண்ணுவது தொடர் முழுவதற்குமான ஒரே கணக்கை. எந்தப் பேட்டரி பலவீனம் என்று சொல்ல, நடு இணைப்பின் வோல்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் மாடல் வேண்டும். மூடி திறக்காத பேட்டரியில் ஹைட்ரோமீட்டரை எங்கே விடுவது என்பது இதைவிட நியாயமான கேள்வி. செல் செல்லாகப் பார்க்கும் வசதி போய்விட்டது, உண்மைதான். பேட்டரி பேட்டரியாகப் பார்ப்பது போகவில்லை. வோல்ட் ஏமாற்றும் என்பதும் சரியே. வண்டி நின்ற உடனே பார்த்தால் பொய்யாக உயர்ந்தே காட்டும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் அந்தக் குறை தீரும்.

எனவே விலையுயர்ந்த மானிட்டரை யோசிக்கும் முன், இரண்டு பேட்டரிகளும் சேரும் இடத்திலிருந்து ஃபியூஸோடு ஒரு ஒயர் எடுங்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சிறிய டிஜிட்டல் வோல்ட்மீட்டரும், வேண்டாதபோது அணைக்க ஒரு சுவிட்சும் போதும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால், அந்த 12 வோல்ட் ஒயரை முதலில் கழற்றுங்கள்.