சங்ககாலக் காசு சேகரிப்பு

பழங்காசு சேகரிப்போர் கூடினால் கரூர் அமராவதி ஆறு பேச்சில் வராமல் போகாது. ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் அந்த ஆற்றுமணலில் கிடைத்தன. 'மாக்கோதை' வெள்ளிக் காசில் ரோமானியப் பாணியில் ஒரு தலை. அதற்கு மேலே தமிழ்-பிராமியில் பெயர். இன்னொன்று 'கொல்லிரும்பொறை' காசு. கொல்லிமலை அந்தச் சேர மன்னன் பெயரிலேயே ஏறி நிற்கிறது!

இத்துறையில் முதலில் சொல்ல வேண்டியவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் ஆசிரியராக இருந்துகொண்டே காசுகளைச் சேர்த்து, 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டார். சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் 1997இல் வந்தது.

சேகரிப்போர் பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, எழுத்து அழிந்துவிடும். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.