சீண்டி வளர்த்தால் காவல் நாய் ஆகாது: பாதுகாப்பு விளையாட்டுக்குக் குட்டிகள் வளர்க்கப்படும் விதம்

குட்டியைச் சங்கிலியில் கட்டிவைத்து, தடியால் சீண்டிச் சீண்டி வளர்த்தால்தான் நல்ல காவல் நாயாகும் என்ற நம்பிக்கை எமது ஊர்களில் இன்றும் உண்டு. அப்படி வளர்ந்த நாய் படலையைத் திறப்பவர் எவரானாலும் பாய்ந்து குரைக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும்.

நாயின் காவல் திறனை நூறாண்டுக்கும் மேலாகச் சோதித்துவரும் விளையாட்டு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அதன் அனுபவம் இந்த நம்பிக்கைக்கு நேரெதிரானது. நல்ல காவல் நாயை உருவாக்குவது கோபம் அல்ல, பயமின்மை. அந்தப் பயமின்மை குட்டிப் பருவத்தின் முதல் சில மாதங்களில் ஊட்டப்படுகின்றது.

இனவிருத்திக்காகத் தொடங்கிய சோதனை

இவ்விளையாட்டு ஜேர்மனியில் தோன்றியது. குதிரைப்படை அதிகாரியாக இருந்த மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ், 1899ஆம் ஆண்டு ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கான சங்கத்தை நிறுவினார். நாங்கள் அல்சேஷன் என அழைக்கும் நாய் இதுதான். நாயின் அழகைவிட அதன் வேலைத்திறனே முக்கியம் என்பது அவரது நிலைப்பாடு. எந்த நாய்களிடமிருந்து குட்டிகள் எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. அவ்வாறு உருவானதே 'ஷூட்ஸ்ஹுண்ட்', அதாவது காவல் நாய்ச் சோதனை. காலப்போக்கில் அது போட்டியாக வளர்ந்தது. 2019ஆம் ஆண்டு முதல் 'ஐஜிபி' என்ற பெயரில் பல நாடுகளில் நடைபெறுகின்றது.

போட்டியில் மூன்று பிரிவுகள் உள்ளன: மோப்பம் பிடித்துத் தடம் தொடர்தல், கீழ்ப்படிதல், பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 70 புள்ளிகள் பெற்றால்தான் தேர்ச்சி. நன்றாகக் கடித்துவிட்டு மற்றவற்றைக் கோட்டைவிடும் நாய்க்கு இங்கு இடமில்லை.

குட்டியைத் தெரிவு செய்தல்

ஜேர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியத்தின் மலினுவா, ரொட்வைலர், டோபர்மன் ஆகிய இனங்கள் இவ்விளையாட்டில் அதிகம் பயன்படுத்தப்படுகின்றன. அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது குட்டியை அல்ல, தாயையும் தகப்பனையும். குணத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருவது.

பின்னர் குட்டியின் அருகில் திறப்புக் கோர்வை ஒன்றை நிலத்தில் போட்டுப் பார்ப்பார்கள். குட்டி திடுக்கிடுவது குற்றமல்ல. திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவாகத் தேறி, சத்தம் வந்த இடத்தை மோந்து பார்க்க வருகின்றது என்பதே கேள்வி.

முதல் மாதங்கள்

மூன்றாவது கிழமை முதல் ஏறத்தாழ பதினான்காவது கிழமை வரையான காலமே உலகத்தைக் குட்டி நம்பப் பழகும் காலம். இக்காலத்தில் அமைதியாக அறிமுகமாகும் மனிதர்கள், இடங்கள், சத்தங்கள் பின்னாளில் அதற்கு அச்சம் தருவது குறைவு. ஜேர்மனியில் எட்டுக் கிழமைக்கு முன்னர் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வளர்ப்பவரிடம் வந்ததும் வழுக்கும் தரை, படிக்கட்டு, தொப்பி அணிந்தவர், சைக்கிள், சந்தை இரைச்சல் என ஒவ்வொன்றாகக் குட்டிக்குக் காட்டப்படும். எதற்குள்ளும் அதைத் தள்ளிவிடுவதில்லை. தானாக நெருங்கும் வரை காத்திருந்து, நெருங்கியதும் உணவு கொடுப்பார்கள்.

தடம் தொடரும் பயிற்சியும் இப்பருவத்திலேயே தொடங்கும். பயிற்சியாளர் புல்வெளியில் நடந்து, ஒவ்வொரு காலடிக்குள்ளும் சிறு இறைச்சித் துண்டை வைப்பார். பசியோடு வரும் குட்டி காலடி காலடியாக மோந்து செல்லும். வளர்ந்த பின், மூன்றாம் நிலைப் போட்டியில் இதே நாய் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு முன்னர் நடந்த 600 காலடித் தடத்தைத் தொடர வேண்டும்.

கடிப் பயிற்சியின் தொடக்கமும் விளையாட்டுத்தான். கயிற்றில் கட்டிய சாக்குத் துண்டை நிலத்தில் இழுத்து ஓடவிடுவார்கள். குட்டி துரத்திப் பிடித்ததும் சிறிது இழுபறி. பின்னர் துண்டு குட்டிக்கே விடப்படும். வென்றோம் என்ற உணர்வோடு அது துண்டைக் கவ்விக்கொண்டு ஓடும். நான்கு முதல் ஏழு மாதங்களில் பாற்பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும். அப்போது இழுபறியைப் பலர் நிறுத்திவைப்பார்கள், ஏனெனில் ஒருமுறை வாய் வலித்தால் கவ்வத் தயங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளக்கூடும். மூட்டுகள் முற்றும் வரை உயரப் பாயவும் விடுவதில்லை.

வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டதை எம்மில் பலர் அறிவோம். அத்தகைய நாய்களுக்கும் பொதுவாகக் கூலி ஒரு இறப்பர் விளையாட்டுப் பொருள்தான்.

பிடிப்பதைவிட விடுவது கடினம்

பாதுகாப்புப் பயிற்சிக்குத் தேர்ந்த உதவியாளர் ஒருவர் தேவை. கைக்கவசம் அணிந்து எதிராளியாக நடிப்பவர் அவரே. இளம் நாய் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதை வெல்லவிடுவது அவரது கலை.

போட்டியில் மறைவிடத்தில் அசையாமல் நிற்கும் ஆளைக் கண்டால் நாய் முன்னால் நின்று குரைக்க வேண்டுமே தவிரக் கடிக்கக் கூடாது. அவர் தப்பியோடினால் அல்லது தாக்கினால் மட்டுமே கைக்கவசத்தைப் பிடிக்கலாம். உரிமையாளர் 'விடு' என்றால் விட வேண்டும். மேலும் இரண்டு தடவை சொல்லியும் விடாத நாய் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், குறைந்தது 15 மாத வயதில், நாய் இன்னொரு சோதனையில் தேற வேண்டும். சனம் நிற்கும் தெருவில் சைக்கிள்களையும் வாகனங்களையும் கடந்து அமைதியாக நடக்க வேண்டும். உரிமையாளர் மறைந்து நிற்கும்போது, வேறொரு நாய் கடந்து போனாலும் குழம்பக் கூடாது.

கீழ்ப்படிதல் பிரிவில் துப்பாக்கியால் வெற்றுவேட்டுகள் தீர்க்கப்படும். சத்தத்துக்கு அஞ்சி ஓடும் நாய் அத்துடன் வெளியே. அச்சத்தில் வளர்ந்த நாய் தப்ப வழி தேடும். வழி இல்லையேல் எதிரில் நிற்பவர் யாரென்று பாராமல் கடிக்கும். அதற்குப் பெயர் காவல் அல்ல.

எமது முற்றத்துக்கு

கடிப் பயிற்சியை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். தேர்ந்த உதவியாளர் இல்லாத இடத்தில் அது பிள்ளைகளுக்கே ஆபத்தாக முடியும். ஆனால் குட்டியை வளர்க்கும் முறையை எவரும் பின்பற்றலாம். எந்நேரமும் சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். முற்றத்துக்கு வருவோரை அது அமைதியாகப் பார்த்துப் பழகட்டும்.

சத்தத்துக்கு ஏற்கெனவே நடுங்கும் நாயை வெடிக்கு அருகில் இழுத்துச் சென்று 'பழக்க' முயலக் கூடாது. அது பயத்தை இன்னும் ஆழமாக்கும். கைத்தொலைபேசியில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, நாய் கலங்காமல் இருக்கும்போதே விருப்பமான உணவு கொடுங்கள். நாட்கணக்கில் சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டலாம். கலங்கினால் குறைத்துவிடுங்கள். திருவிழா, புதுவருட இரவுகளில் அதை உள்ளறையில் விட்டு யாராவது அருகில் இருங்கள். பயந்த நாயைத் தடவி ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். சத்தத்துக்குப் பயந்து இரவுகளைக் கழித்த எமக்கு, பக்கத்தில் ஒருவர் இருப்பதன் அருமை தெரியாததல்ல.